ஆளா, இடமா? கூடைப்பந்தில் ஸோன் தடுப்பும் பொசிஷன் பங்கீடும்

கூடைப்பந்தில் எதிரணியைத் தடுக்க அடிப்படையில் இரண்டு வழிகள் உண்டு. ஆளுக்கு ஒருவரைப் பிடித்துக்கொண்டு அவர் போகுமிடமெல்லாம் கூடவே போவது ஒன்று. சென்னை மைதானங்களில் இதற்கு ‘மேன் டு மேன்’ என்றே பெயர். வளையத்தைச் சுற்றியுள்ள பரப்பை ஐந்து பேரும் பங்கு போட்டுக்கொண்டு, தன் பங்குக்குள் வருபவர் யாராக இருந்தாலும் மறிப்பது மற்றொன்று. அதுவே ஸோன். கோட்டுக்கு ஒருவர் நின்று தன் கோட்டைத் தாண்டுபவரை மட்டும் அடிக்கும் கிளித்தட்டு ஆடியவர்களுக்கு இந்த இரண்டாவது முறையை விளக்கவே வேண்டாம்.

ஸோன் பிற்காலத்தில் வந்தது என்ற எண்ணம் பரவலாக உண்டு. ஆட்டத்தின் தொடக்க ஆண்டுகளைப் பார்த்தால் இந்த எண்ணம் பாதிதான் சரி. 1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை அமைத்தபோது அவருடைய வகுப்பில் 18 பேர் இருந்தார்கள். அதனால் அணிக்கு 9 பேர். மறு ஆண்டு வெளிவந்த விதிநூலில் அவர் அந்த ஒன்பது பேரையும் தன் வளையத்திலிருந்து எதிரணி வளையம் வரை வரிசையாக நிறுத்தினார்: வளையக் காவலர் ஒருவர், கார்டுகள் இருவர், நடுவில் மூவர், விங் இருவர், எதிரணி வளையத்தடியில் ஒருவர். பந்தோடு ஓடக் கூடாது என்பது முதல் விதிகளில் ஒன்று. பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறும் டிரிபிளும் அப்போது இல்லை. ஆகவே நின்ற இடமே ஒருவருடைய வேலையைத் தீர்மானித்தது. பொசிஷன் என்பது அப்போது களத்தின் ஒரு துண்டைக் குறித்ததே தவிர ஆட்டக்காரரின் திறமையைக் குறிக்கவில்லை.

1897இல் அணிக்கு ஐந்து பேர் என்பது நிலைபெற்றது. சென்டர் ஒருவர், ஃபார்வர்டு இருவர், கார்டு இருவர் என்ற பகுப்பு அப்போது பிறந்தது. இரண்டு கார்டுகளில் ஒருவர் தன் வளையத்தடியை விட்டு நகரவே மாட்டார். மற்றவர்தான் பந்தை முன்னே கொண்டுபோவார். டிரிபிள் வளர வளர இந்த ‘நிற்கும் கார்டு’ மெல்ல மறைந்தார். ஓடும் ஆட்டத்தில் ஓடும் ஆளைப் பிடிக்க வேண்டியிருந்ததால் மேன் டு மேன் பொதுவழக்கானது.

ஸோனை ஒரு திட்டமாக மீண்டும் கொண்டுவந்த பெருமை கேம் ஹெண்டர்சன் என்ற அமெரிக்கப் பயிற்சியாளருக்குத் தரப்படுகிறது. 1914இல் மேற்கு வர்ஜினியாவின் பிரிஸ்டல் ஊரில் கூரை ஒழுகிய ஓர் அரங்கில் மரத்தளம் நனைந்து வழுக்கியது. எதிரியை விரட்டிப் பிடிக்கப் போனவர்கள் சறுக்கி விழுந்தார்கள். அதனால் மூன்று பேரைப் பின்னும் இருவரை முன்னும் நிறுத்தி, இடத்தை விட்டு அதிகம் நகராமல் ஆடச் சொன்னார் என்பது சொல்லப்படும் வரலாறு. கதையில் கொஞ்சம் மெருகு ஏறியிருக்கலாம். ஆனால் தளத்தின் நிலைமைதான் உத்தியைப் பிறப்பித்தது என்ற பகுதியை நம்பத் தடையில்லை. தளம் ஆட்டத்தையே மாற்றும் என்பதற்கு 1936 பெர்லின் ஒலிம்பிக்கின் இறுதியாட்டமும் சாட்சி: அது திறந்தவெளிக் களத்தில் மழையில் நடந்தது. சேற்றில் பந்து எழும்பவே இல்லை. அமெரிக்கா 19, கனடா 8 என்று ஆட்டம் முடிந்தது.

இதற்கிடையே இன்னொரு கிளை பிரிந்தது. அமெரிக்காவின் ஸ்மித் கல்லூரியில் ஆசிரியையான சென்டா பெரன்சன் 1890களில் பெண்களுக்காக விதிகளை மாற்றியபோது களத்தை மூன்றாகப் பிரித்து, ஒரு பகுதியில் நிற்பவர் அடுத்ததற்குள் போகக் கூடாது என்றார். தடுப்பில் மட்டும் இருந்த இடக் கட்டுப்பாடு இங்கே ஆட்டம் முழுவதற்கும் சட்டமானது. இங்கிலாந்தில் இதன் உறவாக வளர்ந்த நெட்பாலில் ஏழு பேரும் தங்கள் இடத்தின் பெயரை மார்பில் எழுதிக்கொண்டே ஆடுகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இலங்கை அணிக்கு ஆடிய தர்ஜினி சிவலிங்கம் 208 சென்டிமீட்டர் உயரம். எதிரணி வளையம் இருக்கும் மூன்றில் ஒரு பங்கு களத்துக்குள் மட்டுமே நடமாடும் கோல் ஷூட்டர் என்ற பொசிஷன் அவருக்காகவே செய்து வைத்ததுபோல் பொருந்தியது. கூடைப்பந்தில் அதே உயரமுள்ளவர் களத்தின் இரு முனைகளுக்கும் ஓடித் திரும்ப வேண்டியிருக்கும்.

இந்தியாவுக்கு ஆட்டத்தைக் கொண்டுவந்தவராக டங்கன் பேட்டன் என்ற கனடாக்காரரின் பெயர் சொல்லப்படுகிறது. நெய்ஸ்மித்தின் அந்த முதல் வகுப்பில் இருந்தவர், 1894இல் வந்தார். சென்னையில் ஆட்டம் வேரூன்றிய வழியும் ஒய்.எம்.சி.ஏ.தான். டேவிட் மெக்கானகி 1890இல் தொடங்கிய சென்னைக் கிளைக்கு அமெரிக்க வணிகர் ஜான் வனமேக்கர் தந்த பணத்தில் எழுந்த சிவப்புக் கட்டடம் இன்றும் என்.எஸ்.சி. போஸ் சாலையில், உயர் நீதிமன்றத்துக்கு எதிரே நிற்கிறது. அங்கிருந்து துறைமுக வாசலுக்கு நடந்தே போய்விடலாம். ராயபுரம் அதற்குச் சற்று வடக்கே. 1919இல் சென்னைக்கு வந்த ஹேரி க்ரோ பக், ஸ்பிரிங்ஃபீல்டில் படித்தவர். 1920இல் அவர் தொடங்கிய உடற்கல்விப் பள்ளி பின்னர் நந்தனத்தில் கல்லூரியாக வளர்ந்தது. நெய்ஸ்மித்தின் பள்ளிக்கும் தமிழ்நாட்டுப் பள்ளிகளின் பி.டி. வாத்தியார்களுக்கும் இடையே ஒரே ஒரு தலைமுறைதான் இருந்தது. சென்டர், ஃபார்வர்டு, கார்டு என்ற பெயர்கள் மொழிபெயர்க்கப்படாமல் அப்படியே மைதானத்தில் தங்கியதற்கு இந்த நேரடித் தொடர்பு ஒரு காரணமாகலாம்.

இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு 1950இல் அமைந்தது. அதன்பின் சென்னையில் ஆட்டத்தைத் தாங்கியவை கல்லூரிகளும் அலுவலக அணிகளும். 1955இல் பெரம்பூரில் தொடங்கிய ஐ.சி.எஃப்., தென்னக ரயில்வே, சுங்கத்துறை, இந்தியன் பேங்க், இந்தியன் ஓவர்சீஸ் பேங்க் ஆகியவை இவற்றில் நன்கு அறியப்பட்டவை. பட்டியலில் பாதிக்கு மேல் துறைமுகத்தையும் ரயில்வேயையும் ஒட்டிய வடக்குப் பகுதியைச் சேர்ந்தவை என்பது தற்செயல் இல்லை. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்துதான் புறப்பட்டது. நிலையான அரசு வேலைகள் இந்தப் பக்கத்தில் திரண்டன, வேலையைச் சுற்றி அணிகள் திரண்டன.

பொசிஷன் இங்கே புதிய பொருள் பெற்றது. ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டு அறிவிப்புகளில் ஆட்டத்தின் பெயரோடு எந்த பொசிஷனுக்கு ஆள் தேவை என்று குறிப்பிடும் வழக்கம் உண்டு. வாலிபாலில் செட்டர், கால்பந்தில் டிஃபெண்டர், கூடைப்பந்தில் பாயிண்ட் கார்டு அல்லது சென்டர் என்று கேட்பார்கள். அணியில் காலியாகும் இடமே வேலைக் காலியிடம். எனவே 12 வயதில் உயரமாக இருந்த பையனை வளையத்தடியில் நிறுத்திவிட்டால், அது அன்றைய ஆட்டத்துக்கான ஏற்பாடாக மட்டும் நிற்பதில்லை. அவன் டிரிபிள் பழகாமலே வளர்ந்து, 18 வயதில் சராசரி உயரத்தோடு நின்றுவிட்டால், எந்த அறிவிப்புக்கும் பொருந்தாதவன் ஆகிறான். ஜெர்மனி போன்ற நாடுகளில் சிறுவர் ஆட்டங்களில் ஸோனைத் தடை செய்திருப்பதன் பின்னணியும் இதுவே: ஆளைப் பிடித்து ஆடினால்தான் எல்லாச் சிறுவரும் களத்தின் எல்லா இடத்தையும் பழகுவார்கள்.

ஆனால் பள்ளி அளவில் ஜெயிக்க ஸோனைவிட மலிவான வழி இல்லை. அதிகம் ஆடப்படுவது 2-3. முன்வரிசையில் இரண்டு கார்டுகள். பின்வரிசையில் இரு ஓரங்களிலும் ஃபார்வர்டுகள், நடுவில் வளையத்துக்கு முன் சென்டர். பந்து வளையத்துக்கு நேர் எதிரே வெளியில் இருக்கும்போது ஒரு கார்டு அதை எதிர்கொள்ள, மற்றவர் ஃப்ரீ த்ரோ கோட்டுக்கு இறங்கி நடுவை அடைக்க வேண்டும். பந்து பக்கவாட்டில் உள்ள விங்குக்குப் போனால் அந்தப் பக்க ஃபார்வர்டு ஓரிரு அடி ஏறி, கார்டு வந்து சேரும்வரை தாக்குப்பிடித்து, பிறகு தன் மூலைக்குத் திரும்ப வேண்டும். பந்து மூலைக்கே போய்விட்டால் அவரே அதை ஏற்பார். சென்டர் அந்தப் பக்கம் சாய்வார். எதிர்ப்பக்க ஃபார்வர்டு வளையத்தடிக்கு வருவார். எதிர்ப்பக்க கார்டு ஃப்ரீ த்ரோ கோட்டைப் பார்த்துக்கொள்வார். இத்தனையும் பந்து காற்றில் இருக்கும் நேரத்துக்குள் நடந்து முடிய வேண்டும். ஒருவர் அரை நொடி தாமதித்தால் மற்ற நால்வரின் உழைப்பும் வீண். ஸோனைச் சோம்பேறித் தடுப்பு என்று திட்டுபவர்கள் பெரும்பாலும் கையைத் தொங்கப்போட்டு நிற்கும் மோசமான ஸோனை மட்டும் பார்த்தவர்கள்.

அதன் ஓட்டைகளும் தெரிந்தவையே. முன்வரிசை இருவருக்கும் சென்டருக்கும் நடுவே, ஃப்ரீ த்ரோ கோட்டருகே ஒருவர் பந்தை வாங்கிவிட்டால் மொத்த அமைப்பும் உள்ளே சுருங்கும், மூலைகள் திறக்கும். இன்னொன்று ரீபவுண்ட். ஆளைப் பிடித்து ஆடும்போது யார் யாரை முதுகால் மறித்து நிறுத்த வேண்டும் என்பது தெரியும். ஸோனில் அதற்குப் பொறுப்பாளி கிடையாது, வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்து பொதுச்சொத்து.

வடசென்னையின் கரையோரத் திறந்தவெளிக் களத்துக்கு ஸோன் எப்படிப் பொருந்துகிறது என்பதற்கு இயற்பியலே பாதி விடை தருகிறது. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கம் கோடைப் பிற்பகலில் எழும் கடற்காற்று மாலைப் பயிற்சி நேரத்திலும் வீசும். சுமார் 600 கிராம் எடையுள்ள பந்து வளையத்தடியிலிருந்து எறியும்போது காற்றைப் பொருட்படுத்தாது; ஆறேழு மீட்டரிலிருந்து உயர வளைத்து எறியும்போது பொருட்படுத்தும். வெளியிலிருந்து எறிவது நம்பகமில்லாத களத்தில் ஐந்து பேரையும் உள்ளே நிறுத்துவது கணக்குப்படி சரி. சிமென்ட் தரையில் விழுந்து முட்டி பெயர்த்துக்கொள்ள யாரும் விரும்புவதில்லை என்பதும் சேர்ந்துகொள்கிறது. ஷிப்ட் முடிந்து வருபவர்களை வைத்து ஆடும் அணிக்கு வேறொரு வசதி: இன்று வந்த ஐவரில் யார் எந்த இடத்தில் என்று சொல்லிவிட்டால் போதும், எதிரணி ஆட்களை ஒவ்வொருவராக அறிந்திருக்கத் தேவையில்லை. இதே ஸோன் நேரு உள்விளையாட்டரங்கின் மரத்தளத்தில், காற்றில்லாத இடத்தில், நல்ல ஷூட்டர்கள் உள்ள அணியிடம் சிக்கினால் சின்னாபின்னமாகும்.

விதிகள் இந்தக் கணக்கைப் பலமுறை மாற்றியிருக்கின்றன. ஒவ்வொரு கூடைக்குப் பிறகும் நடுவில் பந்தைத் தூக்கிப்போட்டுத் தொடங்கும் முறை 1937இல் அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்தில் ஒழிந்ததும், குதிப்பதற்காகவே வைத்திருந்த சென்டர் வளையத்தடி ஆளாக மாறினார். அமெரிக்கத் தொழில்முறைப் போட்டியான என்.பி.ஏ.வின் முன்னோடியான லீக் 1947 தொடக்கத்திலேயே ஸோனைத் தடை செய்தது. ஆட்டம் மந்தமாகி, காசு கொடுத்து வந்தவர்கள் சலித்துப்போவார்கள் என்ற பயம். அரை நூற்றாண்டுக்கு மேல் நீடித்த தடை 2001-02 பருவத்தில் நீங்கியது. ஆனாலும் ஆளைப் பிடிக்காமல் வளையத்தடியில் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது என்று ஒரு கடிவாளம் போட்டார்கள். சர்வதேசக் கூட்டமைப்பான ஃபீபா ஸோனைத் தடுத்ததே இல்லை. இந்திய ஆட்டம் ஃபீபா விதிப்படி நடப்பதால் இங்கே அந்தத் தடையின் நிழல் விழவில்லை. ஃபீபா ஸோனை அடித்தது வேறு வழியில். 1984இல் 6.25 மீட்டரில் மூன்று புள்ளிக் கோட்டை வரைந்தது, 2010இல் அதை 6.75 மீட்டருக்குத் தள்ளியது. அரை மீட்டர்தான். ஆனால் காக்க வேண்டிய அரைவட்டம் ஏறக்குறைய 10 சதுர மீட்டர் பெருத்தது. அதே ஐந்து பேர், அதே கால்கள்.

ஷூட்டர்கள் சொதப்பும் நாளில் ஸோன் யாரையும் வீழ்த்தும் என்பதற்கு 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக் சாட்சி. என்.பி.ஏ. நட்சத்திரங்கள் நிறைந்த அமெரிக்க அணி, உள்ளே அடைத்து நின்ற போர்ட்டோ ரிக்கோவிடம் 73-92 என்று தோற்றது. வெளியிலிருந்து எறிந்த 24 மூன்று புள்ளி முயற்சிகளில் உள்ளே போனவை மூன்று. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜிம் போஹைமின் சிராக்யூஸ் கல்லூரி அணி 2-3 ஸோனையே முழுநேர ஆயுதமாக வைத்து அமெரிக்கத் தேசியப் பட்டம் வென்றிருந்தது. நீண்ட கைகள் உள்ளவர்களையே தேடிச் சேர்ப்பது போஹைமின் வழக்கமாக இருந்தது.

ஸோனை உடைக்க உள்ளே ஒருவர், வெளியே ஒருவர் என்ற ஜோடி வேண்டும் என்பதற்குச் சென்னையிலேயே எடுத்துக்காட்டு உண்டு. கேரளத்திலிருந்து தென்னக ரயில்வேக்கு வந்த கீது அன்னா ஜோஸ் ஆறடிக்கு மேல் உயர்ந்த சென்டர். 2011இல் அமெரிக்காவின் டபிள்யூ.என்.பி.ஏ. அணிகளின் தேர்வுப் பயிற்சிக்கு அழைக்கப்பட்டவர். அதே ரயில்வேயைச் சேர்ந்த அனிதா பால்துரை சென்னைப் பெண், கார்டு, இந்திய அணியின் தலைவராக இருந்தவர். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். வளையத்தடியில் கீது போன்ற ஒரு சென்டரை இருவர் சூழ்ந்தால் ஸோனில் ஒரு துண்டு காவலின்றிக் கிடக்கும். அங்கே நிற்கும் கார்டு எறியத் தெரிந்தவராக இருந்தால் சூழ்ந்ததே தவறாகிவிடும். சூழாமல் விட்டால் சென்டர் திரும்பிப் போட்டுவிடுவார். இரண்டும் கெட்டான் நிலையில் பெரும்பாலான அணிகள் மேன் டு மேனுக்குத் திரும்பிவிடும்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் அறிமுகமான 3x3 ஆட்டத்தில் இந்தப் பழைய பங்கீடு கிட்டத்தட்ட வேலை செய்வதில்லை. ஒரே வளையம், 15க்கு 11 மீட்டர் களம், பக்கத்துக்கு மூவர், எறிய 12 நொடி. இங்கே ஸோனுக்குத் தடை கிடையாது, விலைதான் அதிகம். ஐவர் ஆட்டத்தில் உள்ளேயிருந்து போட்டால் 2, வெளியிலிருந்து 3. வெளியாளை விட்டுவைப்பதன் நஷ்டம் ஒன்றரை மடங்கு. 3x3இல் உள்ளே 1, வெளியே 2. நஷ்டம் இரு மடங்கு. ஆகவே ஆளுக்கு ஆள் பிடித்து, எதிரணியில் இன்னொருவர் குறுக்கே நின்று மறிக்கும் ஸ்க்ரீன் வந்தால் ஆளை மாற்றிக்கொள்கிறார்கள். உயரமானவர் 6.75 மீட்டர் வளைவு வரை வந்து குட்டையான கார்டை மறிக்கவும், கார்டு வளையத்தடியில் தன்னைவிட ஒரு அடி உயர்ந்தவரை முதுகால் தள்ளி நிறுத்தவும் தெரிந்திருக்க வேண்டும்.