விதிக்கு அடங்காத ஒளி

கொயினாக் கரைசலை வெயிலில் வைத்தால் அதன் மேற்பரப்பில் மெல்லிய நீல ஒளி தோன்றும். இதனை 1845இல் ஜோன் ஹேர்ஷல் விவரித்தார். கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஸ்டோக்ஸ் 1852இல் அதற்கு விளக்கம் தந்தார். கண்ணுக்குப் புலனாகாத கழியூதாக் கதிரை உறிஞ்சி, கண்ணுக்குப் புலனாகும் ஒளியாக வெளிவிடும் அப்பண்பே புளோரொளிர்வு எனப்பட்டது. சேதனப் பொருள்களின் புளோரொளிர்வை ஆராய்ந்தோர் பெரும்பாலும் ஐதான கரைசல்களையே நாடினர். அவற்றில் மூலக்கூறுகள் தனித்தனியே நிற்பதால் கணக்கிடுவது எளிது. நாளடைவில் அந்த வசதியே கொள்கையின் இடத்தையும் பிடித்துக்கொண்டது.

1954இல் ஜேர்மனியரான பெர்ஸ்டரும் காஸ்பரும் பைரீன் கரைசலின் செறிவு கூடக்கூட அதன் இயல்பான ஒளி குன்றுவதைக் காட்டினர். பைரீன் மூலக்கூறு தட்டையானது. அத்தகைய மூலக்கூறுகள் அடுக்கிய தட்டுக்களைப் போல நெருங்கும்போது, ஒன்று பெற்ற சக்தி அயல் மூலக்கூறோடு பிணைந்து வேறு வழிகளிற் செலவாகிறது. அவர்களது முடிவு பிழையன்று. ஆயின் தட்டையான மூலக்கூறுகளிற் கண்ட உண்மை, எல்லா மூலக்கூறுகளுக்கும் உரிய விதிபோற் கற்பிக்கப்படலாயிற்று. சேதனப் பொருள் திண்மமானால் ஒளி மங்கும் என்பதே அவ்விதி. 1987இல் கொடாக் ஆய்வுகூடத்தில் சேதனப் படலங்களைக் கொண்டு ஒளிவிளக்கு அமைத்த பின்னர், ஒளிரும் மூலக்கூறுகளை வேறொரு பொருளில் ஐதாகக் கலந்து பிரித்துவைப்பதற்கே மிகுந்த உழைப்பும் பணமும் செலவாயின.

மாறான சான்றுகள் இல்லாமல் இல்லை. சில பிளாற்றினச் சேர்வைகள் திண்மத்தில் ஒளிர்ந்து கரைசலில் மங்குவதை 1853இலேயே ஸ்டோக்ஸ் குறித்திருந்தார். 1936இல் ஜெல்லி என்பவர் ஒரு சாயக் கரைசலிற் கறியுப்பைச் சேர்த்தார். சாயம் திரண்டது, ஒளியும் பெருகியது. ஆனால் இவையெல்லாம் விதிவிலக்கு என்ற பெயரைப் பெற்று ஓரத்தில் வைக்கப்பட்டன. விலக்கு என்று பெயரிட்டுவிட்டால் விதியைப் பற்றிச் சிந்திக்க வேண்டியதில்லை அல்லவா?

இவ்வாறு பெயரிட்டு ஒதுக்கும் வழக்கத்தோடு போராடிய வரலாறு நம் அயலிலும் உண்டு. 1923இல் கல்கத்தாவில் ராமனின் மாணவர் கே. ஆர். ராமநாதன், திரவங்கள் சிதறிய ஒளியில் நிறம் மாறிய மெல்லிய கூறொன்றைக் கண்டார். மாசினால் வரும் ‘வலுக்குறைந்த புளோரொளிர்வு’ என்று அதற்குப் பெயரிடப்பட்டது. திரவத்தை எத்தனை முறை தூய்மையாக்கியும் அது நீங்கவில்லை. 1928இல் ராமனும், தமிழ்நாட்டு வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணனும் அது புளோரொளிர்வே அன்று என நிறுவினர். நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் கிடைத்தது; கிருஷ்ணனின் பங்கைப் பள்ளிப் பாடங்கள் இன்னும் போதிய அளவு சொல்வதில்லை என்பது நம் கருத்து.

திண்ம ஒளிக்கு அந்தத் திருப்பம் 2001இல் வந்தது. ஹொங்கொங் விஞ்ஞான தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டாங் பென் ஷொங்கின் குழுவினர் சைலோல் என்னும் சிலிக்கன் வளையச் சேர்வைகளை ஆராய்ந்துகொண்டிருந்தனர். சேர்வையின் துளியொன்றை மெல்லிய தகட்டில் இட்டுக் கழியூதா விளக்கின் கீழ்ப் பார்ப்பது அன்றாட வேலை. ஈரமாயிருந்த புள்ளி ஏறத்தாழ இருண்டிருந்தது. கரைப்பான் உலர்ந்ததும் பிரகாசித்தது. பாடநூலை நம்பியவர் தகடு கெட்டுவிட்டதென எறிந்திருக்கலாம். அவர்கள் எறியவில்லை. சேர்வையை எதனோலிற் கரைத்து நீரைச் சேர்த்தார்கள். நீரின் பங்கு பாதியாகும்வரை மாற்றமில்லை. அது நூற்றுக்குத் தொண்ணூறானபோது, நீரிற் கரையாத மூலக்கூறுகள் நுண்திரள்களாகி, ஒளிரும் திறன் 300 மடங்குக்கு மேல் உயர்ந்தது.

காரணம் மூலக்கூறின் வடிவத்தில் இருந்தது. சைலோல் வளையத்தைச் சுற்றி ஐந்து பென்சீன் வளையங்கள் காற்றாடியின் இதழ்கள்போல் முறுக்கி நிற்கின்றன. கரைசலில் அவை தாராளமாகச் சுழல்கின்றன. உறிஞ்சிய சக்தி அந்தச் சுழற்சியில் வெப்பமாகக் கரைந்துபோகிறது. திண்மத்திலோ இதழ்கள் நெருக்குண்டு அசைய இடமின்றி நிற்கின்றன; சக்திக்கு ஒளியாக வெளியேறுவதே வழியாகிறது. முறுக்கிய வடிவமாதலால் பைரீனைப்போல் தட்டோடு தட்டாக ஒட்டவும் முடிவதில்லை. இவ்விளக்கமும் சோதிக்கப்பட்டது. கரைசலைக் குளிரவைத்தார்கள், கிளிசரோல் சேர்த்துத் தடிப்பாக்கினார்கள். இரண்டிலும் சுழற்சி தளர்ந்தது, ஒளி கூடியது. 2003இல் அம்முடிவுகள் வெளியாயின.

நம் நண்பர் சிலர் இதனை ஒற்றுமையின் வலிமைக்கு உவமையாக்க விரும்பலாம். வேண்டாம், பைரீனும் கூட்டமாகத்தான் நின்றது. அதன் ஒளி குன்றியது.

இந்த ஆராய்ச்சி நம் ஊருக்குத் தொலைவானதும் அன்று. காய்ச்சலுக்குக் கொத்தமல்லியோடு அவித்துக் குடிக்கும் மரமஞ்சளுக்கு அதன் மஞ்சள் நிறத்தைத் தருவது பெர்பெரின். நீரில் மங்கலாகவும் திண்மத்தில் பிரகாசமான மஞ்சளாகவும் ஒளிரும் சேர்வைகளுள் அதுவும் ஒன்று என 2018இல் ஓர் ஆய்வு காட்டியது. கல்முனைக் கடைத்தெருவின் நாட்டு மருந்துக் கடையில் மரமஞ்சள் கிடைக்கும்; நாணயத் தாளைச் சோதிக்கும் ஊதா விளக்கும் அதே தெருவில் உண்டு. மரமஞ்சளின் வெட்டுமுகத்தை இருட்டில் அவ்விளக்கின் கீழ்ப் பிடித்துப் பார்க்க ஒரு பாடவேளை போதும். ஆயினும் நம் பகுதிப் பாடசாலைகள் பலவற்றில் பரிசோதனைக் குறிப்பேட்டின் ‘அவதானம்’ என்ற பத்தி, பரிசோதனைக்கு முன்னரே பாடநூலைப் பார்த்து நிரப்பப்படுகிறது. பரீட்சைக்கு அதுவே வேண்டியிருக்கிறது. அத்தகைய ஏட்டில், ஈரத்தில் இருண்டு உலர்ந்தபின் ஒளிர்ந்த அந்தப் புள்ளிக்கு எந்தப் பத்தியில் இடமிருந்திருக்கும்?