காற்றைக் கணித்த கதை

ஊர்காவற்றுறையிலும் நயினாதீவிலும் நெடுந்தீவிலும் கடலோடு வாழ்வோர் காற்றைப் பெயர் சொல்லி அழைப்பர். சோளகம், வாடை, கச்சான், கொண்டல் என்னும் அப்பெயர்கள் திசையோடு, வள்ளம் இறக்கலாமா என்பதையும் உணர்த்துவன. ஆயின், நாளைய காற்றை எண்களால் முன்கூட்டி அறிய இயலுமா?

கோள்களைப் பொறுத்தவரை இவ்வினாவுக்குத் தமிழர் என்றோ விடை கண்டனர். சோழிகளைத் தரையில் பரப்பி, மனப்பாடமான வாக்கியங்களைக் கொண்டே சந்திரகிரகணம் கணித்த தமிழ்க் கணியர் ஒருவரின் முறையை, 1825இல் வெளிவந்த தமது நூலில் ஜோன் வாரன் பதிந்துள்ளார். திங்களின் வழி மீண்டும் மீண்டும் வருவது. காற்றோ தன் வேகத்தைத் தானே சுமந்து சென்று மாற்றிக்கொள்வது. வாயு ஓட்டத்தின் சமன்பாடுகள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டும், பொதுவான சூத்திரமாக அவற்றுக்கு விடை கிட்டவில்லை.

லூயிஸ் றிச்சர்ட்சன் என்னும் ஆங்கிலேயர் வானத்தைக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் அமுக்கத்தையும் வேகத்தையும் எண்களாக இட்டு, காலத்தைப் படிப்படியாக நகர்த்த முயன்றார். முதலாம் உலகப் போரில் பிரான்சில் நோயாளர் வண்டி ஓட்டிய நாட்களில் செய்த கணக்கு அது. 1910 மே 20க்கு அவர் பெற்ற விடை, ஆறு மணி நேரத்தில் அமுக்கம் 145 மில்லிபார் உயரும் என்பது! உண்மையில் அது அசையவில்லை என்றே சொல்லலாம். தொடக்க அளவுகளின் சிறு பொருத்தமின்மை, இல்லாத பேரலைகளைக் கணக்கில் எழுப்பிவிட்டது. தோல்வியை மறையாது 1922இல் நூலாக்கிய அவரது நேர்மை போற்றற்குரியது.

1928இல் ஜெர்மனியில் கூராண்ட், பிரீட்ரிக்ஸ், லெவி என்னும் மூவர் வேறோர் இடரை விளக்கினர். ஒரு கட்டத்தை ஒலி கடக்கும் நேரத்தினும் நீண்ட அடி வைத்தால், இவ்வகைக் கணக்குச் சிதறிவிடும். கட்டத்தின் அகலம் 10 கிலோமீற்றர் எனின், ஓர் அடி அரை நிமிடத்தைத் தாண்டலாகாது. ஒரு நாளைக்கு ஏறக்குறைய மூவாயிரம் அடிகள், அதுவும் ஒவ்வொரு கட்டத்துக்கும்! சோழிக்கு எட்டாத வேலை. 1950இல் சார்ணி, வொன் நொய்மன் முதலியோர் ஒலி அலைகளை நீக்கிய எளிய சமன்பாட்டை அமெரிக்காவின் எனியாக் இயந்திரத்தில் இட்டனர். 24 மணி நேர வானிலையைக் கணிக்க ஏறத்தாழ 24 மணி நேரமே சென்றது.

நேயர்களே, 1964 டிசம்பர் 22ஆம் நாள் இரவு தனுஷ்கோடியை அழித்த புயல் நம் பாக்கு நீரிணையைக் கடந்ததே. இன்று புயல் அறிவிப்புக் கேட்டுக் குறிகட்டுவானில் படகுகள் நிறுத்தப்படும்போது, பின்னணியில் இயங்குவது அந்தக் கட்டக் கணக்குத்தான். எனினும் உலகளாவிய கணிப்புகளில் இப்பொழுதும் ஒரு கட்டம் சுமார் 10 கிலோமீற்றர் அகலமுடையது. நெடுந்தீவு முழுவதும் ஏறத்தாழ அந்த ஒரு கட்டத்துள் அடங்கிவிடும். வடகரைக் காற்றையும் தென்கரைக் காற்றையும் அது வேறு பிரித்துக் காண்பதில்லை.