கூரையும் வேலையும்: கெடா தோட்டத் தமிழரின் முதுமை குறித்து

மலேசியத் தமிழ் இதழ்களில் முதியோரைப் பற்றி வரும் எழுத்தில் பாதி, பிள்ளைகளைத் திட்டுவதிலேயே தீர்ந்துவிடுகிறது. தீபாவளிக்கு முன்னால் முதியோர் இல்லத்துக்குப் போய்ச் சேலையும் வேட்டியும் கொடுத்துவிட்டு வந்தவர்கள் எழுதுவது அது. "தோட்டத்தில் இருந்த காலத்தில் எந்தக் கிழவியாவது அநாதையாகக் கிடந்தாளா?" என்று கேட்டு, நகரத்துக்கு வந்த தலைமுறைக்குப் பாசம் வற்றிவிட்டது என்று தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். கேள்வி நல்ல கேள்வி. தீர்ப்புத்தான் சரியில்லை. கெடாவின் ரப்பர்த் தோட்டங்களில் முதியவர்களுக்குக் கிடைத்த பராமரிப்பு, தோட்ட நிர்வாகம் வீட்டை வேலையோடு முடிச்சுப் போட்டு வைத்திருந்ததிலிருந்து பெரும்பாலும் பிறந்தது என்பது இக்கட்டுரையின் வாதம். முடிச்சு அவிழ்ந்தபோது பராமரிப்பும் போயிற்று. அதை ஈடுசெய்ய வேண்டிய திட்டங்கள் முதியவர் எங்கே, யாருக்குப் பக்கத்தில் வாழ்கிறார் என்பதைப் பார்க்காமல், அவருக்குப் பிள்ளை உண்டா இல்லையா என்பதையே இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கின்றன.

1909-இல் கெடா சயாமிடமிருந்து பிரிட்டிஷார் கைக்கு மாறிய பிறகு கூலிம், லூனாஸ், பாடாங் செராய், சுங்கை பட்டாணி, பீடோங் வட்டாரங்களில் ரப்பர் வேகமாகப் பரவியது. ஆட்கள் பினாங்கில் கப்பலிறங்கி வந்தார்கள். 1907-இல் மலாயாவில் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடிநுழைவு நிதி, முதலாளிகளிடம் தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து ஆள் கொண்டுவரும் செலவைப் பார்த்துக்கொண்டது. பின்னர் இந்தியர் குடிநுழைவு நிதி என்று பெயர் மாறிய அதே ஏற்பாடுதான் முதுமையடைந்தவர்களையும் நோயில் விழுந்தவர்களையும் ஊருக்குத் திருப்பியனுப்பும் செலவையும் ஏற்றது. பிள்ளையாய் வளர்வதும் கிழவனாய்ச் சாவதும் தஞ்சாவூர், திருச்சி, சேலம், வட ஆர்க்காட்டுக் கிராமங்களின் பொறுப்பு. நடுவிலிருந்த உழைக்கும் வயது மட்டும் கம்பெனியுடையது. கெர்னியல் சிங் சந்து 1969-இல் வெளியிட்ட ஆய்வு இந்தப் போக்குவரவின் அளவைக் காட்டுகிறது: ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக மலாயாவுக்கு வந்த இந்தியர் நாற்பது லட்சம் பேர் அளவில் இருந்தும், பெரும்பாலோர் தங்கவில்லை. 1930களின் பொருளாதார மந்தத்தில் ஆயிரக்கணக்கானோர் கப்பலேற்றப்பட்டார்கள். 1938-இல் இந்திய அரசு உதவி பெற்ற குடிபெயர்வை நிறுத்தியது. பிறகு வந்த ஜப்பானியர் காலம் பலரைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோய்க் கொன்றது. எனவே தோட்டத்திலேயே பிறந்து, உழைத்து, அங்கேயே மூப்படைந்த ஒரு தலைமுறை திரளாகத் தென்படுவது போருக்குப் பிறகுதான். பலரும் தொன்றுதொட்டு வந்ததாக நினைக்கும் 'தோட்டத்துக் கூட்டுக் குடும்ப'த்தின் வயது அரை நூற்றாண்டைத் தாண்டாது.

அந்த அரை நூற்றாண்டில் அது எப்படி நடந்தது? லயத்து வீடு, அதாவது தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு, செக்ரோல் எனும் வேலையாள் பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு உரியது. ஐம்பத்தைந்து வயதில் ஒருவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டால் வீட்டின் மேல் அவருக்கு இருந்த உரிமையும் முடிந்தது. மகனோ மகளோ மருமகளோ நிரை பிடித்து மரம் சீவிக்கொண்டிருந்தால் மட்டுமே முதியவர் அதே வீட்டில் தங்கலாம். பிள்ளை வேலைக்குப் போனால்தான் பெற்றவருக்குக் கூரை என்பதால் ஒரு பிள்ளையாவது தோட்டத்திலேயே நிற்க வேண்டியிருந்தது. பாசம் இல்லாமலில்லை, வேறு வழியும் இல்லை. இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வருகிறது, பண்பாட்டைக் கொச்சைப்படுத்துவதாக. கம்பெனியின் விதி இப்படி இறுக்கியபோதும் மக்கள் அதற்குள் ஓர் ஒழுங்கை உண்டாக்கிக்கொண்டார்கள் என்பதே எனக்கு மதிப்புக்குரியதாகப் படுகிறது.

அந்த ஒழுங்கைச் சற்றுக் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். விடியுமுன் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்புக்கு ஆள் போய்விடும். லயத்தில் மிஞ்சுவது கிழவிகளும் பிள்ளைகளும். பால்குடி மறந்த பிள்ளை ஆயாக்கொட்டகைக்குப் போகும், இல்லையென்றால் பாட்டி மடியில் இருக்கும். அரிசி களைவதும் ஆடு கோழி பார்ப்பதும் அவள்தான். ஆகவே அவள் வாங்கித் தின்றவள் அல்ல. அவள் இல்லாவிட்டால் மருமகள் மரத்துக்குப் போக முடியாது. ஒற்றைச் சுவரை இரண்டு குடும்பம் பகிர்ந்துகொள்ளும் லயத்தில் இருமலும் முனகலும் பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். பொதுக்குழாயடிக்கு வழக்கமாக வருகிறவர் ஒருநாள் வரவில்லையென்றால் காலை எட்டு மணிக்குள் லயத்துக்கே தெரிந்துவிடும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்ஸர் எனும் மருத்துவ உதவியாளர் இருந்தார். அவர் கொடுத்த கலக்கு மருந்தின் தரத்தைப் பற்றி யாரும் புகழ்ந்து பேசிக் கேட்டதில்லை. ஆனால் அவர் நடக்கிற தூரத்தில் இருந்தார், தமிழ் பேசினார், எந்த வீட்டில் யாருக்கு இனிப்பு நீர் என்று அவருக்குத் தெரியும். இவற்றில் எதற்கும் பராமரிப்பு என்று அன்று பெயரில்லை. பெயரில்லாத காரணத்தால்தான் தோட்டம் மூடியபோது இழந்தவற்றின் பட்டியலில் யாரும் இவற்றைச் சேர்க்கவில்லை.

தோட்டத்தைப் பொன்னுலகமாக்கிக் காட்டுவது என் நோக்கமன்று. கள்ளுக்கடையை நிர்வாகமே நடத்திய இடம் அது. 1947-இல் பீடோங் வட்டாரத்தில், ஹார்வர்ட் தோட்டத்தை மையமாகக் கொண்டு, தொண்டர் படையினர் கள்ளுக்கு எதிராகக் கிளம்பியதும் போலீஸ் அதை அடக்கியதும் மலாயாத் தொழிலாளர் வரலாற்றில் பதிவானவை. எழுதப்படிக்கத் தெரியாதவர்கள் என்று ஒதுக்கப்பட்ட மக்கள் தங்கள் அன்றாடத்தைத் தாங்களே திருத்திக்கொள்ளப் படை திரட்டியது கெடாவில் நடந்தது. இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

முடிச்சு ஒரே நாளில் அவிழவில்லை. 1950களிலும் 60களிலும் வெள்ளைக்காரக் கம்பெனிகள் விற்ற தோட்டங்கள் துண்டாடப்பட்டன. அதைத் தடுக்க ம.இ.கா. தலைவர் துன் சம்பந்தன் 1960-இல் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் முதலில் வாங்கிய தோட்டம் கெடாவின் புக்கிட் சிடிம். 1969-இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது பலர் கப்பலேறினார்கள். பிறகு செம்பனை வந்தது, வெளிநாட்டுத் தொழிலாளர் வந்தனர், நிலத்தின் விலை ரப்பரின் விலையைத் தாண்டியது. கூலிமில் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டது. சுங்கை பட்டாணியைச் சுற்றித் தாமான்கள் எனும் புதுக் குடியிருப்புகள் முளைத்தன. தொழிலாளருக்குச் சொந்த வீடு என்ற பேச்சு 1970களிலிருந்தே உண்டு. பேச்சு ஓடிய வேகத்துக்கு வீடு எழவில்லை.

வெளியேறியவர் கையில் என்ன இருந்தது? 1980-ஆம் ஆண்டின் விதிகளின்படி ஐந்தாண்டுக்கு மேல் வேலை செய்தவருக்குப் பணிநீக்க ஈடு, ஆண்டுக்கு இருபது நாள் சம்பளம். 2000களின் தொடக்கத்தில் தோட்டத் தொழிலாளரின் மாதச் சம்பளப் பேரத்தில் அடிபட்ட தொகை 350 வெள்ளி. அந்தச் சம்பளத்தில் முப்பதாண்டு உழைத்தவருக்கு, மாதத்துக்கு 26 வேலைநாள் என்று வைத்தால், ஈட்டுத்தொகை எட்டாயிரம் வெள்ளியைச் சுற்றி நிற்கும். ஊழியர் சேம நிதி 1951-இலேயே வந்துவிட்டது என்பது உண்மை. ஆனால் இரு தரப்புப் பங்கையும் சேர்த்து 23 விழுக்காடு என்று கொண்டாலும் 350 வெள்ளிக்கு மாதம் 80 வெள்ளிதான் சேரும். பங்காதாயம் நீங்கலாக ஆண்டுக்கு 966 வெள்ளி. சேம நிதி வாரியம் 55 வயதில் இருக்க வேண்டிய அடிப்படைச் சேமிப்பாகப் பல ஆண்டுகள் சொல்லிவந்த தொகை 2,40,000 வெள்ளி. சிக்கனம் போதாது என்று முதியவருக்குப் புத்தி சொல்பவர்கள் இந்த இரண்டு எண்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பது நல்லது.

இன்றைய தாமான் வீட்டுக்குள் நுழைந்தால் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். மலிவு விலை வரிசை வீடு. இரண்டு அறை, இரும்பு கேட், அதில் பூட்டு. மகன் கூலிம் தொழிற்சாலையில் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், மருமகளும் அப்படியே. பேரப்பிள்ளைகள் பள்ளிக்கும் டியூஷனுக்கும் போய்விட்டார்கள். உள்ளே எழுபத்தைந்து வயது அம்மா. முப்பதாண்டு காண்டாக்கம்பில் இரண்டு வாளிப் பால் சுமந்த தோளும் மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கிய முட்டியும் இப்போது வட்டி கேட்கின்றன. குந்தி உட்காரும் கழிப்பறையில் எழுந்திருக்கப் பிடிமானமில்லாமல் தண்ணீர்க் குழாயைப் பிடித்து எழுகிறார். குழாய் ஒருநாள் கையோடு வந்துவிடும். 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, மலேசிய இந்தியரில் வயது வந்தோரில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு என்றது; நாட்டின் சராசரி 18.3. கால் விரலிடுக்கில் புண் வந்தால் அதை முதலில் பார்க்க யாருமில்லை. அரசுக் கிளினிக்கில் கட்டணம் ஒரு பொருட்டல்ல, போய்வரும் வண்டிதான் பொருட்டு. மகன் ஒருநாள் லீவு போட வேண்டும், இல்லையென்றால் கைப்பேசியில் கிராப் கூப்பிடத் தெரிந்த பேரன் வீட்டிலிருக்க வேண்டும். இந்த அம்மாவைப் பிள்ளைகள் கைவிடவில்லை. மூன்று வேளைச் சோறு இருக்கிறது, தொலைக்காட்சியில் தமிழ்த் தொடர் ஓடுகிறது. காலை ஆறிலிருந்து மாலை ஏழு வரை அவர் தனியாக இருக்கிறார். அவ்வளவுதான் சிக்கல், அதுவே முழுச் சிக்கல்.

அரசின் வலை இந்த அம்மாவைப் பிடிப்பதில்லை. சமூக நல இலாகாவின் முதியோர் உதவித்தொகை 2021-இல் 500 வெள்ளியானது, 2025-இல் 600 ஆனது. உயர்வு பெரிதுதான். ஆனால் அது தாங்க யாருமில்லாத, வருமானமில்லாத முதியவருக்கானது. சம்பளம் வாங்கும் மகனுடன் ஒரே வீட்டில் இருப்பதே தகுதிக்குத் தடையாக நிற்கும். குடியுரிமையும் வேண்டும். 2018-இல் அன்றைய பிரதமர் மகாதீர், நிரந்தரவாசிகளுக்கான சிவப்பு அடையாள அட்டையுடன் அறுபதைக் கடந்த இந்தியர் 3,407 பேருக்குக் குடியுரிமை வழங்கப்படும் என்றார். மெர்டேக்காவுக்கு அறுபத்தோராண்டுக்குப் பிறகும் அப்படியோர் அறிவிப்பு தேவைப்பட்டது. பீடோங்கிலேயே அரசின் ஸ்ரீ கெனாங்கான் முதியோர் இல்லம் இருக்கிறது. அதில் சேர வாரிசு இருக்கக்கூடாது, தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் உடல்நிலையும் வேண்டும். படுக்கையில் விழுந்த ஆதரவற்றோருக்கான ஏசான் இல்லங்கள் கோல குபு பாருவிலும் டுங்குனிலும் உள்ளன, கெடாவில் அல்ல. முதியோர் நடவடிக்கை மையங்களைத் தொகுதிக்கு ஒன்று என்று திட்டமிட்டிருக்கிறார்கள். தொகுதிக்கு ஒன்று என்றால் கார் வைத்திருப்பவருக்கு ஒன்று என்று பொருள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். சிங்கப்பூர் 1995-இலும் இந்தியா 2007-இலும் பெற்றோரைப் பேணுவதைச் சட்டக் கடமையாக்கின. மலேசியாவும் அப்படிச் செய்தால் போதாதா? சொத்திருந்தும் தாய்க்குச் சோறு போடாத மகனுக்கு அந்தச் சட்டம் உறைக்கும், அப்படிப்பட்டவர் இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் மேலே சொன்ன வீட்டில் யார் மீது வழக்குப் போடுவது? மகன் தர மறுப்பது பணமல்ல, அவனிடம் இல்லாத பகல் நேரம். அதை எந்த நீதிமன்றமும் பெற்றுத் தர முடியாது. தனியார் இல்லங்களும் இந்த இடைவெளியை நிரப்பவில்லை. 1993-ஆம் ஆண்டின் பராமரிப்பு மையச் சட்டத்தின்படி பதிவு செய்துகொண்டு ஒழுங்காக நடப்பவற்றின் மாதக் கட்டணம் இக்குடும்பங்களுக்கு எட்டாது. எட்டுகிற கட்டணத்தில் நடப்பவற்றுக்குள் போய்ப் பார்த்தவர்கள் இரண்டாம் முறை போவதில்லை.

உதவக்கூடிய முன்மாதிரி வேறிடத்தில் இருக்கிறது. கோழிக்கோட்டில் 1993-இல் சில மருத்துவர்கள் தொடங்கிய வலி தணிப்புப் பராமரிப்பு, சில ஆண்டுகளில் மலப்புறம் முதலிய மாவட்டங்களில் அக்கம்பக்கத்துத் தொண்டர்களின் வேலையாக மாறியது. வாரத்தில் சில மணி நேரம் கொடுப்பவர்களுக்குப் பயிற்சி தந்து, செவிலியரோடு வீடு வீடாக அனுப்பினார்கள். 2008-இல் கேரள அரசு அதைக் கொள்கையாக்கி, ஊராட்சிகளின் பொறுப்பில் வைத்தது. அங்கே வலுவான உள்ளாட்சி உண்டு, இங்கே இல்லை. அதைப் பெயர்த்து வந்து நட முடியாது. ஆனால் அதன் அடிப்படை லயத்துக்கு மிக நெருங்கியது: நோயாளி இருக்குமிடத்துக்குப் பக்கத்து வீட்டார் வருவது. நம் சமூக நல இலாகாவின் வீட்டு உதவிச் சேவையும் தொண்டர்களை நம்பித்தான் நடக்கிறது. அத்தொண்டர்களை அந்தந்தத் தாமானிலிருந்தே, தமிழ் பேசுகிறவர்களாக, முன்னாள் டிரஸ்ஸர்களையும் ஆயாக்களையும் ஓய்வு பெற்ற தாதியரையும் சேர்த்து எடுத்தால் பாதி வேலை முடியும். செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. மருத்துவமும் உடலியக்க மருத்துவமும் படிக்கும் மாணவர்களுக்குச் சுங்கை பட்டாணித் தாமான்களில் முட்டி வலிக்குப் பஞ்சமில்லை.

இடத்துக்கும் பஞ்சமில்லை. மூடப்பட்ட தோட்டத்திலிருந்து மாரியம்மனை மட்டும் மக்கள் விட்டுவிட்டு வரவில்லை. கோயில் மண்டபம் திருவிழா நாள் போக ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கிறது. வாரத்தில் மூன்று பகல் அதைத் திறந்து, ஒரு வேளைச் சோறு போட்டு, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் காலும் பார்த்து அனுப்ப, மேற்கத்திய பாணிக் கழிப்பறை ஒன்றும் ஒரு வேனும் வேண்டும். கும்பாபிஷேகத்துக்கு ஆறு மாதத்தில் லட்சங்களைத் திரட்டும் ஊரில், கைப்பிடிக் கம்பிக்குப் பணமில்லை என்பதை நான் நம்பத் தயாராக இல்லை. கள்ளுக்கடையை மறிக்கத் தொண்டர் படை திரட்டியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று ஆலய நிர்வாகங்களில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

யாரிடமிருந்து தொடங்குவது என்பதற்கும் கணக்கெடுப்பு நடத்தக் காத்திருக்க வேண்டியதில்லை. தோட்டத்திலிருந்து தாமானுக்கு உயிரோடு வந்து சேர்ந்த அமைப்பு ஒன்று உண்டு: மரண சகாய நிதி. மாதம் சில வெள்ளி கட்டுபவர்களின் பெயர், வயது, வீட்டு எண், யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அதன் செயலாளரின் நோட்டுப் புத்தகத்தில் இருக்கின்றன. இறந்த பின் பாடை கட்டும் செலவுக்காக எழுதி வைத்த அந்தப் பட்டியலில் எழுபது வயதைத் தாண்டிய பெயர்களைக் குறித்துக்கொண்டு, பகலில் யார் தனியாக இருக்கிறார்கள் என்று விசாரிக்க, ஒரு தாமானுக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும்.