எந்த ஏட்டின் வாசகம்? ரியாக்டில் கிளாஸ் போய் ஃபங்ஷன் வந்த வரலாறு

மகாராஷ்டிரத்தில் நான் பங்கேற்கும் ஆய்வுத் திட்டம் ஒன்றில் ஒரு வலைச்செயலி உண்டு. மோடி எழுத்தில் அமைந்த மராத்தி ஆவணங்களின் படங்களைத் திரையில் வைத்து வாசித்து, ஏடு ஏடாகப் படியெடுப்பதற்கு உரியது. 2017இல் ஒரு மாணவர் ரியாக்டைக் கொண்டு எழுதிக் கொடுத்தது. சென்ற ஆண்டு, ஓர் ஏட்டின் வாசகம் அதற்கு அடுத்த ஏட்டின் கீழ்ப் பதிவாகியிருப்பதை எங்களுள் ஒருவர் கண்டார். தானிய வரிக் கணக்கு இருக்க வேண்டிய இடத்தில் திருமணச் செலவுக் கணக்கு இருந்தது. தேடத் தேட மேலும் பல கிடைத்தன. புதிதாகச் சேர்ந்த திட்ட உதவியாளர் நிரலைத் திறந்து பார்த்ததும் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "இதெல்லாம் கிளாஸ் காம்பொனென்ட், பழைய முறை. ஃபங்ஷனாக மாற்றினால் சரியாகிவிடும்." மாற்றினோம். அந்தப் பிழை நீங்கிற்று. வேறொரு பிழை வந்து சேர்ந்தது. அதனைப் பின்னர்க் கூறுகிறேன். "பழைய முறை" என்ற அந்தச் சொல்லாட்சியே இப்பதிவுக்குக் காரணம். எது பழையது என்பதை முடிவு செய்வது வரலாற்று மாணவரின் வேலையல்லவா?

சொற்களைப் பற்றி ஒரு சிறு குறிப்பு. தமிழ்நாட்டுப் பள்ளிப் பாடநூல்கள் கிளாஸை "இனக்குழு" என்றும் ஃபங்ஷனைச் "செயற்கூறு" என்றும் வழங்குகின்றன. காம்பொனென்டையும் "கூறு" என்று சொல்லத் தொடங்கினால் "செயற்கூற்றுக் கூறு" என்று நா இடறும். ஆதலால் தொழிற்களத்தில் வழங்கும் சொற்களையே இங்கு ஆள்கிறேன்.

கிளாஸ் என்னும் கருத்து நார்வேயில் பிறந்தது. கிறிஸ்டன் நைகார்டும் ஓலெ-யோஹான் டாலும் நார்வே கணினி மையத்தில் உருவாக்கிய சிமுலா 67 மொழியில்தான் கிளாஸும் ஆப்ஜெக்டும் இன்றைய பொருளில் முதன்முதலாக அமைந்தன. பெயரே உணர்த்துவது போல், உலக நிகழ்வுகளைக் கணினிக்குள் பாவித்துப் பார்ப்பதற்கான மொழி அது. காலம் ஓட ஓடத் தன் நிலையை மாற்றிக்கொண்டே, அதே சமயம் தான் தானாகவே நீடிக்கும் பொருள் ஒன்றை அங்கே படைக்க வேண்டியிருந்தது. ஃபங்ஷனின் குலமோ வேறு. 1930களில் அலான்சோ சர்ச் வகுத்த லாம்டா கணிதத்தில் காலத்திற்கு இடமே இல்லை: உள்ளீடு ஒன்றாயின் விளைவும் ஒன்றே. 1958இல் ஜான் மெக்கார்த்தி தொடங்கிய லிஸ்ப் அதன் வழிவந்தது. ஒரு ஃபங்ஷன் தான் பிறந்த சூழலின் மதிப்புகளை மூட்டையாகக் கட்டி உடன் எடுத்துச் செல்லும் ஏற்பாட்டுக்கு, 1964இல் பீட்டர் லாண்டின் "குளோஷர்" என்று பெயரிட்டார். இந்த மூட்டை பின்னால் நமக்கு மிகவும் வேண்டியிருக்கும்.

இவ்விரு குலங்களும் 1995 மே மாதத்தில் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் சந்தித்தன. உலாவிக்குள் லிஸ்ப் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்கீம் மொழியை அமைக்கலாம் என்ற எதிர்பார்ப்போடு சேர்ந்த பிரெண்டன் ஐக், தோற்றத்தில் ஜாவாவை ஒத்த ஒரு மொழியைச் செய்து தருமாறு கேட்கப்பட்டார். ஏறத்தாழ 10 நாட்களில் முதல் வடிவம் உருவாயிற்று. ஸ்கீமிடமிருந்து ஃபங்ஷன், செல்ஃப் மொழியிடமிருந்து புரோட்டோடைப், ஜாவாவிடமிருந்து மேலாடை. "கிளாஸ்" என்ற சொல் செயற்படும் இலக்கணமாக ஜாவாஸ்கிரிப்டுக்குள் வந்தது 2015 ஜூனில், இருபது ஆண்டுகள் கழித்து. அதுவும் பெரும்பாலும் புரோட்டோடைப்பின் மேல் போர்த்திய ஆடையே. ஆகவே ஜாவாஸ்கிரிப்டைப் பொறுத்தவரை ஃபங்ஷனே மூத்தது, கிளாஸ் இளையது. எங்கள் உதவியாளரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தாரே ஒழிய ஒப்புக்கொள்ளவில்லை.

ரியாக்ட் ஃபேஸ்புக்கில் ஜோர்டன் வாக் என்பவரால் தொடங்கப்பட்டு, 2013 மே மாதம் பொதுவெளிக்கு வந்தது. ஜாவாஸ்கிரிப்டில் அப்போது கிளாஸ் இல்லாமையால் "கிரியேட்கிளாஸ்" என்ற ஏற்பாட்டைத் தானே செய்துகொண்டது. 2015 மார்ச்சில் வந்த 0.13 பதிப்பு மொழியின் கிளாஸை ஏற்றது. அவ்வாண்டு அக்டோபரில் 0.14 பதிப்பு வெறும் ஃபங்ஷனையும் காம்பொனென்டாக ஏற்றது. ஆனால் அதற்கு நினைவு கிடையாது. கொடுத்ததை வரையும், அவ்வளவே. இதிலிருந்து ஒரு வேலைப் பிரிவினை பிறந்தது: நினைவும் பொறுப்பும் உடையது கிளாஸ், ஏவியதை வரைவது ஃபங்ஷன். டேன் அப்ரமோவ் 2015இல் எழுதிய கட்டுரை ஒன்று, தரவைக் கையாளும் காம்பொனென்ட், தோற்றத்தை மட்டும் தரும் காம்பொனென்ட் என்று பிரித்தமை இப்பிரிவினைக்குப் பரவலான செல்வாக்கைத் தந்தது. 2019இல் அவரே அதன் தலைப்பில், இம்முறையை இனிப் பரிந்துரைக்கவில்லை என்று குறிப்பு எழுதிச் சேர்த்தார்.

2017 ஏப்ரலில் வந்த 15.5 பதிப்பு, கிரியேட்கிளாஸைக் கைவிடுமாறு அறிவித்தது. அதாவது எங்கள் மாணவர் செயலியை எழுதிய ஆண்டில் கிளாஸே புதிய முறை. அவர் பழையதை விட்டுப் புதியதற்கு வந்தவர். இரண்டே ஆண்டுகளில் அவர் கற்றது பழையதாயிற்று. 2018 அக்டோபரில் நெவாடாவில் நடந்த ரியாக்ட் மாநாட்டில் சோஃபி ஆல்பர்ட்டும் அப்ரமோவும் "ஹூக்" என்பதை அறிமுகம் செய்தனர். ஃபங்ஷனுக்கும் நினைவு வாய்த்தது. அம்முன்மொழிவின் கீழ் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருத்துரைகள் குவிந்தன. எதிர்ப்பும் ஐயமும் அவற்றில் மிகுதி. 2019 பிப்ரவரியில் 16.8 பதிப்பில் ஹூக் நிலைபெற்றது. கிளாஸை நீக்கும் திட்டம் இல்லை என்ற உறுதிமொழியும் உடன் வந்தது. வியூ என்னும் மற்றொரு சட்டகத்திலும் 2019இல் இதையொத்த பூசல் எழுந்தது. அங்கே இரு முறைகளையும் வைத்துக்கொண்டார்கள்.

மாற்றத்திற்கு ரியாக்ட் குழு கூறிய காரணங்கள் மூன்று: நினைவோடு கூடிய தர்க்கத்தைக் காம்பொனென்டுகளுக்கிடையே பகிர்வது கடினம், பெரிய காம்பொனென்டுகளைப் புரிந்துகொள்வது கடினம், கிளாஸ் மனிதரையும் இயந்திரத்தையும் ஒருங்கே குழப்புகிறது. இவை மெய்யே. எனினும் இவற்றிற்கு அடியில் மற்றொன்று உண்டு என்பது என் வாசிப்பு. திரையை வரையும் வேலையை இடையில் நிறுத்தி, வேண்டுமானால் தூக்கியெறிந்து, மீண்டும் தொடங்கும் ஆற்றலை அக்குழு அக்காலத்தில் உருவாக்கிக்கொண்டிருந்தது. 2018 மார்ச்சில் கிளாஸின் மூன்று வாழ்க்கைச்சுழல் மெத்தடுகளுக்கு "அன்சேஃப்" என்று முன்னொட்டுச் சேர்த்தமைக்கும் அதுவே காரணம். நின்று நின்று நடக்கும் வேலையில், "இப்போது" என்பது எந்தக் கணம் என்ற கேள்வி எழுந்தே தீரும்.

எங்கள் பிழையின் வேரும் அந்தக் கேள்வியே. வாசகர் படியெடுத்து முடித்துச் சேமிக்கும் பொத்தானை அழுத்துகிறார். செயலி முதலில் சேவையகத்திடம் அனுமதி கேட்கிறது. இணையம் மந்தமாக இருந்தால் விடை வரச் சில நொடிகள் ஆகும். பொறுமையற்ற வாசகர் அதற்குள் அடுத்த ஏட்டுக்குப் போய்விடுகிறார். விடை வந்ததும் மெத்தட் விழித்தெழுந்து, "நான் இருப்பது எந்த ஏடு?" என்று "திஸ்" வழியாகக் கேட்கிறது. கிளாஸில் ஆப்ஜெக்ட் ஒன்றே. அதன் பிராப்ஸோ மாறிவிட்டது. ஆதலால் கிடைப்பது புதிய ஏட்டின் எண். பழைய வாசகம் புதிய ஏட்டின் கீழ் விழுகிறது. 2019 மார்ச்சில் அப்ரமோவ் எழுதிய கட்டுரை இவ்வகைப் பிழையையே எடுத்துக்காட்டுகிறது. ஃபங்ஷனில் இது நேராது: பொத்தானை அழுத்திய கணத்தின் ஏட்டெண் லாண்டினின் மூட்டைக்குள் கட்டப்பட்டுவிடும், எத்தனை நொடி கழித்து அவிழ்த்தாலும் அதே எண்தான். இது கிளாஸின் தவிர்க்கவியலாத விதி என்று கருத வேண்டா. கேட்கும் முன்பே எண்ணை ஒரு மாறியில் குறித்துக்கொண்டிருந்தால் கிளாஸிலும் பிழை வந்திராது. ஒரே வரி. ஆனால் அந்த வரி வேண்டும் என்று யாருக்கும் தோன்றாத வகையில் கிளாஸ் எழுதத் தூண்டியது என்பதே குற்றச்சாட்டு.

இனி இரண்டாம் பிழை. மாற்றியெழுதிய வடிவில் 30 நொடிக்கொருமுறை தானே சேமிக்கும் வசதியை உதவியாளர் சேர்த்தார். ஹூக்குக்குத் தர வேண்டிய சார்புப் பட்டியலை வெறுமையாக விட்டுவிட்டார். விளைவு: கடிகாரம், ஏடு திறந்த கணத்தின் வாசகத்தை மூட்டையில் கட்டிக்கொண்டு, அதையே 30 நொடிக்கொருமுறை புதிய வாசகத்தின் மேல் எழுதிக்கொண்டிருந்தது. கிளாஸ் எப்போதும் நிகழ்காலத்தையே பார்த்தது. இதுவோ கடந்த காலத்தை விட்டு நகர மறுத்தது. முன்னது வாசகத்தை இடம் மாற்றியது, பின்னது அழித்தது. எங்களைப் போன்றவர்களுக்கு எது கொடிது என்று சொல்ல வேண்டியதில்லை. இவ்வகைப் பிழையைச் சுட்டிக்காட்டும் சரிபார்ப்பு விதியை ரியாக்ட் குழுவே வெளியிட்டுள்ளது. எங்கள் திட்டத்தில் அதை யாரோ அணைத்து வைத்திருந்தார்கள்.

மூல ஆவண ஆய்வில் பழகியவர்களுக்குச் சுவையான ஒன்று. ரியாக்டின் பழைய ஆவணங்களும் சரி, 2023 மார்ச்சில் வெளிவந்த புதிய ஆவணங்களும் சரி, கற்பிக்கும் பாடம் "டிக்-டாக்-டோ" விளையாட்டுதான். பழைய பாடத்தில் கட்டம் கிளாஸாகத் தொடங்கி, இடையில் ஃபங்ஷனாக மாற்றப்படும்; பலகையும் ஆட்டமும் கிளாஸாகவே நிற்கும். புதிய பாடத்தில் எல்லாம் தொடக்கம் முதலே ஃபங்ஷன். இரண்டையும் அருகருகே வைத்து வாசித்தால் ஒரு நூலின் இரு பதிப்புகளை ஒப்பிடும் இன்பம் கிட்டும். புதிய பதிப்பை மட்டும் படித்த மாணவருக்கு, ஒரு காலத்தில் இது வழக்காடப்பட்ட பொருள் என்பதே தெரியாது. நேர்முகத் தேர்வில் "கிளாஸா, ஃபங்ஷனா" என்று கேட்டால் ஒரு சொல்லில் விடை சொல்வார். ஏன் என்று கேட்டால் தயங்குவார்.

என் நிலைப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன். புதிதாக எழுதுவோர் ஃபங்ஷனையே கொள்க. ஆவணங்களும் சூழலும் அந்தப் பக்கம் போய்விட்டன. ரியாக்ட் கம்பைலரும் ஃபங்ஷனையும் ஹூக்கையும் மட்டுமே கருத்தில் கொள்கிறது. ஆனால் பிழையின்றி ஓடும் கிளாஸை, பெயர் பழையது என்பதற்காக மட்டும் மாற்றியெழுதுவது, நல்ல படியை எரித்துவிட்டுப் புதிய படி எடுப்பதற்கு ஒப்பாகும். 2024 டிசம்பரில் வந்த 19ஆம் பதிப்பிலும் கிளாஸ் நீக்கப்படவில்லை. ஒரு காம்பொனென்ட் வரைதலின்போது உடைந்தால் திரை முழுவதும் வெறுமையாகாமல் காக்கும் "எரர் பவுண்டரி"யை இன்றும் கிளாஸாகவே எழுத வேண்டியிருக்கிறது. ஃபங்ஷனில் அதற்கு ஈடாக ரியாக்ட் எதுவும் தரவில்லை.

எங்கள் செயலியிலும் அந்த ஒரு கோப்பு மட்டும் 2017இன் மாணவர் எழுதியபடியே இருக்கிறது. இடம் மாறிய வாசகங்களைப் படங்களோடு ஒப்பிட்டுப் பெரும்பாலும் உரிய ஏட்டில் சேர்த்துவிட்டோம். அழிந்தவற்றை மறுபடி படியெடுத்துக்கொண்டிருக்கிறோம்.