மிசோலோங்கி டாக்டரும் 4,000 டிராக்மாவும்

1982 ஈஸ்டர் விடுமுறை முடிந்து பெர்த் ஆய்வகத்தைத் திறந்தபோது தட்டில் கிருமி முளைத்திருந்ததைப் போன வாரமே பார்த்துவிட்டோம். வயிற்று அல்சருக்கு அந்தக் கிருமிதான் காரணம் என்று நம்பிய ஆஸ்திரேலிய டாக்டர் பாரி மார்ஷல், இந்த வாரம் அதைக் குடித்தாக வேண்டும். அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தேன். ஆனால் அந்த மனிதரைக் குடிக்கும் அளவுக்குத் தள்ளியது எது? சக டாக்டர்களின் அவநம்பிக்கை. அந்தக் கணக்கைத் தீர்க்காமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை.

1983ல் ஆஸ்திரேலிய இரைப்பை, குடல் மருத்துவர்களின் மாநாட்டுக்கு 67 ஆய்வுச் சுருக்கங்கள் வந்தன. 56க்கு இடம் கிடைத்தது. தள்ளப்பட்ட பதினொன்றில் ஒன்று மார்ஷலும் அவருடைய ஆய்வுக் கூட்டாளி ராபின் வாரனும் எழுதியது. ‘அமிலம் இல்லையேல் அல்சர் இல்லை’ என்று 1910ல் கார்ல் ஷ்வார்ஸ் சொன்னது வேதமாகியிருந்த காலம் அது. அமிலக் கடலில் எந்தக் கிருமி பிழைக்கும்?

இந்தக் கதையின் வில்லன் யார் என்று கேட்டால் நான் கிருமியைக் கைகாட்ட மாட்டேன். எடி பாமரைக் காட்டுவேன். அமெரிக்க ராணுவ ஆஸ்பத்திரி டாக்டர். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் இரைப்பைத் திசுக்களைப் பரிசோதித்துவிட்டு, அங்கே கிருமி எதுவும் குடியிருக்கவில்லை என்று 1954ல் எழுதினார். இத்தாலியின் பிஸ்ஸோசெரோ 1893லேயே நாய் வயிற்றில் சுருள் கிருமிகளைப் பார்த்து வரைந்திருக்கிறார். பாமருக்கு மட்டும் ஏன் தெரியவில்லை? வழக்கமான சாயத்தோடு நிறுத்திக்கொண்டார். இந்தக் கிருமியைப் பளிச்சென்று காட்டுவது வெள்ளிச் சாயம். 1979ல் வாரன் அதைத்தான் போட்டுப் பார்த்தார். பாமர் கெட்டவர் இல்லை, உழைப்பாளி. ஆயிரம் பேரைச் சோதித்தவர் சொன்னால் யார் எதிர்த்துப் பேசுவார்கள்? கால் நூற்றாண்டு போயிற்று.

அந்தக் கால் நூற்றாண்டுக்குள்தான் என் ஆள் வருகிறார்.

மிசோலோங்கி, மேற்குக் கிரேக்கத்தில் உப்பங்கழியை ஒட்டிய சிற்றூர். கவிஞர் பைரன் கிரேக்க விடுதலைப் போருக்கு உதவப் போய், 1824ல் காய்ச்சலில் செத்தது இங்கேதான். குணப்படுத்துகிறோம் என்று டாக்டர்கள் ரத்தத்தை எடுத்துக்கொண்டே இருந்தார்கள். காய்ச்சலைவிட அவர்கள்தான் அவரை முடித்தார்கள் என்பது என் கட்சி. 1826 ஏப்ரலில், ஒரு வருட ஒட்டோமான் முற்றுகையில் சோறில்லாமல் வாடிய ஊர் மக்கள் ராத்திரியோடு ராத்திரியாக மதிலைத் திறந்துகொண்டு எதிரிமேல் பாய்ந்தார்கள். தப்பியவர்கள் கொஞ்சம் பேர். இன்னும் நாலு பத்தி எழுத ஆசைதான், ஆசிரியர் விட மாட்டார்.

அப்படிப்பட்ட ஊரில் ஜான் லிகூடிஸ் சாதாரணப் பொது மருத்துவர். 1958ல் தனக்கு வந்த வயிற்று நோய்க்கு ஆன்டிபயாடிக் சாப்பிட்டார். குணமானது. தன்னிடம் வந்த அல்சர் நோயாளிகளுக்கும் அதையே கொடுக்க, அவர்களுக்கும் வலி அடங்கியது. பல மருந்துகளைக் கலந்து ‘எல்காகோ’ என்று பெயரிட்டு 1961ல் காப்புரிமை வாங்கினார். வாசலில் கூட்டம் சேர்ந்தது; ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுத்தார். அரசாங்கம் அனுமதி தரவில்லை. மருந்துக் கம்பெனிகள் சீண்டவில்லை. அமெரிக்க மருத்துவச் சங்க இதழ் அவர் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. 1968ல் மருத்துவர்களின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு, அல்சருக்கு ஆன்டிபயாடிக் கொடுத்த குற்றத்துக்காக 4,000 டிராக்மா அபராதம் போட்டது.

பைரனின் ரத்தத்தை எடுத்தவர்களுக்கு யாரும் அபராதம் போட்டதாக நான் படித்ததில்லை.

லிகூடிஸிடம் மருந்து இருந்தது, கிருமி இல்லை. எதைக் கொல்கிறோம் என்று அவரால் காட்ட முடியவில்லை. 1980ல் இறந்துபோனார். அதற்கு முந்தைய வருடம்தான் வாரன் தன் நுண்ணோக்கியில் கிருமியைப் பார்த்திருந்தார். கிரேக்கருக்கு அது தெரிய வழியில்லை.

பெர்த்காரர்களிடம் கிருமியே கையில் இருந்தது. அவர்கள் ஆராய்ந்த நூறு நோயாளிகளில் முன்சிறுகுடல் புண் இருந்த 13 பேரிடமும் அது இருந்தது. அப்புறமும் ஏன் இழுபறி? காரணம், இந்தக் கிருமி ரொம்பச் சாதாரணம். இன்றைக்கு ஹெலிகோபாக்டர் பைலோரி என்று அழைக்கப்படும் இது, உலகத்தில் ஏறக்குறைய பாதிப் பேர் வயிற்றில் குடியிருக்கிறது என்பது பிற்காலக் கணக்கு. பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டுக்குள்ளேயே தொற்றிக்கொள்ளும். சுற்றிலும் அம்மோனியா சுரந்து அமிலத்தை மட்டுப்படுத்திக்கொண்டு, சளிப்படலத்துக்குள் ஆயுள் முழுக்கத் தங்கிவிடும். சுமப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஒரு தொந்தரவும் தெரியாது. நூற்றுக்குப் பத்திலிருந்து இருபது பேருக்கு அல்சர், ஒன்றிலிருந்து மூன்று பேருக்கு இரைப்பைப் புற்றுநோய். 1994ல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பட்டியலில் சேர்த்தது. நம் நாட்டில் தொற்று ஏகப்பட்ட பேருக்கு. புற்றுநோய் ஜப்பானைவிட எவ்வளவோ குறைவு. இது ஒரு தனிப் புதிர்.

நோய் இல்லாதவர்களிடமும் கிருமி இருந்ததால், எதிர்த்தவர்களின் வாதம் வலுவாகவே நின்றது: புண் வந்த இடத்தில் கிருமி வந்து உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். இதில் நியாயம் உண்டு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். காசும் உண்டு. 1976ல் வந்த அல்சர் மாத்திரையான சிமெடிடின் வசூலை அள்ளிக்கொண்டிருந்தது; நிறுத்தினால் அல்சர் திரும்பி வரும், மறுபடி மாத்திரை வாங்க வேண்டும். இரண்டு வாரத்தில் தீர்ந்துபோகும் நோயால் யாருக்கு லாபம்?

வாதத்தை முறிக்க ஒரே வழிதான். ஆரோக்கியமான வயிற்றில் கிருமியை விட்டு, நோய் வருகிறதா என்று பார்ப்பது. மார்ஷல் பன்றிக்குட்டிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார், தொற்றவில்லை. 1984ல் அவர் தானே குடித்த கதையை அடுத்த வாரம் எழுதிவிடுகிறேன். இந்த வாரப் பக்கங்களை லிகூடிஸ் எடுத்துக்கொண்டார்.