ஏழு கன்னியர் மலை விபத்தும் வான்பயணிகளின் கவனமும்

தலவாக்கலையிலிருந்து அட்டனைக் கடந்து மேற்கே சென்றால், நோர்ட்டன் பிரிட்ஜ், மஸ்கெலியா ஆகிய ஊர்களின் அயலில் ஏழு கன்னியர் மலைத்தொடர் எழுந்து நிற்பதைக் காணலாம். சப்த கன்னியர் மலை என்றும் இது வழங்கப்பெறும். 1974ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆந் திகதி இரவு பத்து மணிக்குப் பின்னர், நெதர்லாந்து நாட்டின் மார்ட்டினெயர் நிறுவனத்துக்குரிய டி.சி.-8 விமானம் ஒன்று இத்தொடரின் ஐந்தாஞ் சிகரத்தில், ஏறத்தாழ 4,355 அடி உயரத்தில் மோதிச் சிதறியது. ஹஜ் கடமையை நிறைவேற்றும்பொருட்டு இந்தோனீசியாவின் சுரபாயாவிலிருந்து கொழும்பு வழியாக ஜித்தா செல்லவிருந்த 182 யாத்திரிகரும், பணியாளர் 9 பேரும் மாண்டனர். இலங்கை மண்ணில் நிகழ்ந்த விமான விபத்துக்களுள் உயிரிழப்பில் மிகப் பெரியது இதுவே.

மலையகத்தில் இந்நிகழ்ச்சி ஒரு துயர நினைவாகவே பேசப்பட்டு வருகின்றது. ஆயின், வான்பயண வரலாற்றில் அதற்கு மற்றுமோர் இடமும் உண்டு. மின்னணுக் கருவிக்கும் மனிதனின் கவனத்துக்கும் உள்ள தொடர்பினை அது தெளிவாகக் காட்டுகின்றது. விமானத்தினுள் கைத்தொலைபேசியைப் பயன்படுத்தலாமா, ஆகாதா என்னும் இக்கால வினாவை ஆராய்வதற்கும் அதுவே தக்க தொடக்கமாகும்.

அன்றிரவு கட்டுநாயக்கா விமான நிலையத்தின் கட்டுப்பாட்டாளருடன் விமானிகள் வானொலி வழியே தொடர்பு கொண்டிருந்தனர். ஐயாயிரம் அடிக்கு இறங்க அனுமதி கிடைத்தது. பின்னர் தாம் நிலையத்திலிருந்து 14 மைல் தொலைவில் இருப்பதாக அவர்கள் அறிவிக்க, இரண்டாயிரம் அடிக்கு இறங்கவும் அனுமதி வழங்கப்பட்டது. உண்மையிலோ விமானம் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 40 கடல் மைல் கிழக்கே, மத்திய மலைநாட்டின் மேற்கு விளிம்பில் பறந்துகொண்டிருந்தது. கீழே இருந்தது கரையோரச் சமவெளி அன்று. இருளில் மறைந்த மலை.

தாம் இருக்கும் இடத்தைப் பிழையாக நிர்ணயித்தமையால், பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே விமானிகள் இறங்கிவிட்டனர் என்பது விசாரணையின் முடிபு. விமானத்திலிருந்த டொப்ளர் கருவியையும் வானிலை றேடாரையும் அவர்கள் சார்ந்திருந்தமையும், அக்கருவிகள் தவறான பொருள்கோடலுக்கு இடமளித்தமையும் இதற்குக் காரணமெனக் கருதப்பட்டது. டொப்ளர் கருவி நிலத்தை நோக்கி அலைகளை அனுப்பி, அவை மீளும் முறையைக் கொண்டு வேகத்தைக் கணிக்கும். கடந்த தொலைவு அவ்வேகத்திலிருந்து பெறப்படும். கணிப்பில் நேரும் சிறு பிழையும் பயணம் நீள நீளப் பெருகும். றேடார் கரையையும் மேட்டையும் திரையில் ஒளியாகக் காட்டும். அவ்வொளியின் பொருளை உணர வேண்டியவன் மனிதனே. கருவி எண்ணையும் உருவையும் தரும். அவை மெய்யுடன் பொருந்துகின்றனவா என்று ஐயுறும் கடமையை அது ஏற்பதில்லை.

இதற்கு மூன்று நாட்களின் முன்னரே, அதாவது டிசம்பர் 1ஆந் திகதி, அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மற்றொரு விமானம் இவ்வாறே மலையில் மோதி 92 பேர் இறந்தனர். அதனை அடுத்து, நிலம் நெருங்குவதை எச்சரிக்கும் கருவி அமெரிக்காவின் பெரும் பயணிகள் விமானங்களிற் கட்டாயமாக்கப்பட்டது. கருவியை நம்பி நேர்ந்த பிழையைத் திருத்த மற்றொரு கருவி வந்தது. அந்த எச்சரிக்கைக்கும் செவிசாய்க்க ஒரு மனிதன் வேண்டும் என்பது மனங்கொள்ளத்தக்கது.

பயணிகளின் சாதனங்கள் பற்றிய அச்சம் வேறொரு வழியில் எழுந்தது. 1950களின் பிற்பகுதியிற் கையடக்க வானொலிப் பெட்டிகள் பரவின. பண்பலை வானொலி 88 முதல் 108 மெகாஹேட்ஸ் வரையான அலைவரிசையில் இயங்குவது. அப்பெட்டியினுள் இருக்கும் அலையாக்கி, கேட்கப்படும் நிலையத்தினும் 10.7 மெகாஹேட்ஸ் கூடுதலான அலையைப் பிறப்பிக்கும். அதில் ஒரு பகுதி வெளியே கசியும். விமானங்களுக்குத் திசை காட்டும் நிலையங்களோ 108 முதல் 118 மெகாஹேட்ஸ் வரை இயங்குகின்றன. ஆகவே பயணி ஒருவர் பாட்டுக் கேட்கத் திறந்த பெட்டி, விமானியின் திசைகாட்டும் கருவியைக் குழப்பக்கூடும் என்று அஞ்சப்பட்டது. 1960களில் அமெரிக்காவில் இதற்கெனத் தடைவிதி வகுக்கப்பட்டது. செவிப்புலக் கருவி, இதய இயக்கி, மின்சவரக் கருவி ஆகியன அவ்விதியின் விலக்குகளாக அமைந்தன.

கைத்தொலைபேசி வந்தபோது இத்தடை மேலும் விரிந்தது. 1991இல் அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணைக்குழு, பறக்கும் விமானத்திலிருந்து அவற்றைப் பயன்படுத்துவதைத் தடுத்தது; தரையிலுள்ள தொலைபேசி வலையமைப்புக்கு இடையூறு நேரும் என்பதே அதன் கவலை. காலப்போக்கில் விமானங்களின் மின்னணு அமைப்புகள் அலைத்தாக்கத்தைத் தாங்குமாறு அமைக்கப்பட்டன. 2013ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆந் திகதி, விமான நிறுவனங்கள் தம் விமானங்களின் தாங்குதிறனை நிறுவினால், ஏறும்போதும் இறங்கும்போதும் சிறு சாதனங்களைப் பயன்படுத்த இடமளிக்கலாம் என அமெரிக்க மத்திய விமானப் போக்குவரத்து நிருவாகம் அறிவித்தது. ஐரோப்பாவும் அதனைப் பின்பற்றியது.

இவ்விடத்தே ஒரு மயக்கம் நேர்ந்தது. அலை பற்றிய அச்சம் நீங்கியதும், அபாயமே நீங்கிற்று எனப் பயணிகள் பலர் கொண்டனர். ஆயின் 2013ஆம் ஆண்டு அறிவிப்பே, பாதுகாப்பு அறிவுறுத்தலின்போது சாதனங்களையும் நூல்களையும் செய்தித்தாள்களையும் கீழே வைத்துவிட்டுக் கேட்குமாறு வேண்டியது. நூலும் செய்தித்தாளும் அலை வீசுவன அல்ல. எனவே, கவலை அலையைப் பற்றியது மட்டுமன்று. கவனத்தைப் பற்றியதும் ஆகும்.

விமானிகளைப் பொறுத்தவரை இவ்வுண்மை முன்னரே உணரப்பட்டது. 1974 செப்டெம்பரில் அமெரிக்காவின் சார்லட் நகரருகே இறங்குந் தறுவாயில் விமானிகள் வேறு பேச்சில் ஈடுபட்டிருந்த விமானம் வீழ்ந்து 72 பேர் இறந்தனர். பத்தாயிரம் அடிக்குக் கீழே பறத்தலுக்குத் தேவையற்ற பேச்சும் செயலும் கூடாது என 1981இல் விதி பிறந்தது. 2009 அக்டோபரிலோ, மடிக்கணினியில் ஆழ்ந்திருந்த இரு விமானிகள், இறங்க வேண்டிய மினியாப்பொலிஸ் நகரைக் கடந்து நெடுந்தூரம் பறந்துவிட்டனர். பின்னர் விமானியறையிற் சொந்தப் பயன்பாட்டுக்கான சாதனங்கள் தடுக்கப்பட்டன.

பயணியின் கவனத்தாற் பயன் என்ன என்று வினவலாம். ஏழு கன்னியர் மலையில் மாண்டோரை எந்தக் கவனமும் காத்திராது என்பது உண்மையே. ஆனால் எல்லா விபத்தும் அத்தகையதன்று. 1983 முதல் 2000 வரை அமெரிக்க விமான நிறுவனங்களின் விபத்துக்களிற் சிக்கிய 53,487 பேரில் 51,207 பேர் உயிர் தப்பினர் என்பது அந்நாட்டுப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் கணிப்பு. தப்பக்கூடிய விபத்தில், தப்பும் வழியை அறிந்திருத்தலே வாழ்வுக்கும் சாவுக்கும் இடைப்பட்ட எல்லையாகின்றது.

1996 நவம்பரிற் கடத்தப்பட்ட எதியோப்பிய விமானம், எரிபொருள் தீர்ந்து கொமொரோத் தீவருகே கடலில் வீழ்ந்தது. 175 பேரில் 125 பேர் இறந்தனர். அவர்களுட் சிலர் உயிர்காப்பு அங்கியை விமானத்தினுள்ளேயே ஊதிவிட்டமையால், உயர்ந்துவந்த நீரில் கூரையோடு ஒட்டி வெளியேற இயலாது மாண்டனர். அங்கியை வெளியேறிய பின்னரே ஊத வேண்டும் என்பது அறிவுறுத்தலில் வழமையாகச் சொல்லப்படுவது. அக்காலத்திற் பயணிகளின் கையிலே திரை இல்லை. கவனமின்மை கைத்தொலைபேசிக்கு முற்பட்டது. கைத்தொலைபேசி அதனை இன்னும் ஆழமாக்கிற்று. காதுப்பொறி அதற்குக் கதவும் இட்டது. மறுதலையாக, 2024 ஜனவரி 2ஆந் திகதி தோக்கியோவின் ஹனேடா நிலையத்தில் மோதித் தீப்பற்றிய பெருவிமானத்திலிருந்து 379 பேரும் வெளியேறினர். ஒலிபெருக்கி அமைப்புச் செயலிழந்த அவ்வேளையில், பணியாளரின் குரலைப் பயணிகள் கேட்டனர். பொதிகளை விட்டு இறங்கினர்.

இவை தொலைதேசச் செய்திகளாகத் தோன்றலாம். ஆனால் தலவாக்கலை, அட்டன் பகுதித் தோட்டங்களிலிருந்து மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிக்குச் செல்லும் பெண்களுக்கு, கட்டுநாயக்காவில் ஏறுவதே பெரும்பாலும் முதல் வான்பயணமாகும். விமானம் ஓடுபாதையை நோக்கி நகரும்போது, அவர்களின் கையிலிருக்கும் தொலைபேசியிற் பிள்ளையின் முகம் தெரிகின்றது. அதனை அணைக்கச் சொல்வது எளிது, அணைப்பது எளிதன்று. அறியாத மொழியில் ஒலிக்கும் அறிவுறுத்தலோ அவர்களின் செவிக்கு வெறும் ஓசையாகக் கழிகின்றது. எனவே இத்தகையோரைக் கவனமற்றோர் எனக் குறைகூறுதல் நீதியாகாது. புறப்படுமுன் அவர்களுக்கு அளிக்கப்படும் பயிற்சியிலே, பட்டியைக் கழற்றுவது எவ்வாறு, அண்மைய வாசல் எத்தனை வரிசைக்கு அப்பால் உள்ளது, அங்கியை எப்போது ஊதுவது என்னும் மூன்றையும் தமிழிற் செய்துகாட்டிப் பழக்குதல் வேண்டும். கவனத்தைக் கேட்போர், கவனிக்கத்தக்க மொழியிற் பேசக் கடமைப்பட்டோராவர்.

நோர்ட்டன் பிரிட்ஜ் பகுதியில் அன்று இறந்தோருக்கு நினைவுச் சின்னம் உண்டு. தாம் எங்கே பறக்கின்றோம் என்பதை அறியாமலே முடிந்த 191 வாழ்வுகளை அது நினைவூட்டுகின்றது. வானிற் செல்வோன் ஒரு கணமேனும் திரையினின்று கண்ணெடுத்து, தான் இருக்கும் இடத்தையும் வெளியேறும் வழியையும் நோக்குதல், அவர்களுக்குச் செய்யும் அஞ்சலியும் தனக்குச் செய்யும் காப்பும் ஆகும்.