பதிப்பெண் (மென்பொருள்)

மென்பொருளின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் அதை உருவாக்குவோர் இடும் அடையாள எண். டாம் பிரஸ்டன்-வெர்னர் வகுத்த, இன்று பரவலாக வழங்கும் முறையில் இது மூன்று பகுதிகள் கொண்டது. 2.4.1 என்பதில் கடைசி எண் பிழைதிருத்தத்தையும், நடு எண் பழையதைக் குலைக்காத புதிய வசதியையும் குறிக்கும். முதல் எண் உயர்ந்தால், அந்த மென்பொருளை நம்பி எழுதிய பிற நிரல்கள் இயங்காமல் போகக்கூடும் என்பது எச்சரிக்கை. இவை தசம எண்கள் அல்ல, 2.9-க்குப் பின் 2.10 வரும்.

எல்லோரும் இம்முறையைப் பின்பற்றுவதில்லை. உபுண்டு இயங்குதளம் நாட்காட்டியைப் பின்பற்றுகிறது: 2004 அக்டோபரில் வந்த முதல் வெளியீடு 4.10. லினக்ஸ் கெர்னல் 2011-இல் 2.6.39-இலிருந்து 3.0-க்கு மாறியதற்குத் தொழில்நுட்பக் காரணமே இல்லை. எண்கள் பெரிதாகிவிட்டன என்று அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கருதினார்.

பதிப்பெண் முறைகளுள் மிக அழகியது கணினி அறிவியலாளர் டொனால்ட் குனூத்தினுடையது. கணிதநூல்களை அச்சுக்கோக்க அவர் எழுதிய டெக் மென்பொருளில், 3-ஆம் பதிப்புக்குப் பின் புதிய வசதிகள் சேர்ப்பதில்லை என முடிவெடுத்தார். அதன்பின் பிழைகளைத் திருத்தி வெளியிடும்போதெல்லாம் பதிப்பெண்ணில் ஓர் இலக்கம் கூடி, அது பை என்னும் மாறிலியை நெருங்குகிறது: 2014-இல் 3.14159265, 2021-இல் 3.141592653. முழுமையை அணுகலாம், எட்ட முடியாது என்பதை ஒரு படைப்பாளி இவ்வளவு நேர்மையாக எண்ணிலேயே பொறித்தது அரிது. துணை மென்பொருளான மெட்டாஃபான்ட், இயல் மடக்கையின் அடிமானமான 2.71828…-ஐ நோக்கிச் செல்கிறது. தம் மறைவுக்குப் பின் டெக்கின் பதிப்பெண் பை என்றே நிலைக்க வேண்டும், அப்போது எஞ்சியிருக்கும் பிழைகள் அதன் இயல்புகளாகக் கொள்ளப்பட வேண்டும் என்று குனூத் அறிவித்துள்ளார்.